எட்டு மைக்கின் பேச்சைச் சுருக்கும்போது திசை எங்கே தொலைகிறது?

கேள்வி இதுதான். கூட்ட அறையின் மேசை நடுவில் எட்டு மைக் கொண்ட வட்டமான கருவி ஒன்று இருக்கிறது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறார் என்பது கெடாமல், அந்த எட்டு சேனலையும் (மைக்குக்கு ஒரு ஒலித்தடம்) குறைந்த பிட்ரேட்டில், அதாவது வினாடிக்குக் குறைந்த பிட் செலவில், வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். என்கோடெக் போன்ற நியூரல் கோடெக்குகள், அதாவது நியூரல் நெட்வொர்க்கால் ஒலியைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்கள், ஒற்றைச் சேனல் பேச்சை வினாடிக்கு 6 கிலோபிட்டில் நன்றாகவே சுருக்குகின்றன. அதையே எட்டு முறை ஓட்டினால் போதாதா?

போதாது. பிட்ரேட் எட்டு மடங்கு ஆவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்படி அனுப்பினால் மறுமுனையில் எந்தச் சேனலைத் தனியாகப் போட்டுக் கேட்டாலும் குரல் தெளிவாக இருக்கும், எட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் திசை காணாமல் போயிருக்கும். இது பயிற்சி போதாததால் வரும் கோளாறு இல்லை. நியூரல் கோடெக் குறைந்த பிட்டில் நன்றாகப் பேசுவதற்கு எது காரணமோ, அதுவேதான் திசையையும் அழிக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும் என்பதால், அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் காது. ரேலீ பிரபு 1907-இல் சொன்னது இன்றும் அடிப்படை: தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும், உயர்ந்த அதிர்வெண்களில் தலை மறைப்பதால் வரும் ஒலியளவு வித்தியாசத்தை வைத்தும் நாம் திசையை உணர்கிறோம். ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் எல்லை. ஒலி நேர் பக்கவாட்டில் இருந்து வந்தால்கூட இந்த நேர வித்தியாசம் 0.65 மில்லிவினாடி அளவுதான், ஏனென்றால் தலையின் அகலம் அவ்வளவுதான். நல்ல சூழலில் மனிதக் காது பிரித்தறியும் மிகச் சிறிய வித்தியாசமோ 10 மைக்ரோவினாடி அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் ஒரு சாம்பிளின் (ஒலியை அளந்தெடுக்கும் ஒரு புள்ளி) நீளமே 20.8 மைக்ரோவினாடி. ஆக, ஒரு சாம்பிளில் பாதி நகர்ந்தாலும் காதுக்குத் தெரியும்.

நம்பக் கடினமாக இருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு மோனோ பேச்சை இரண்டு சேனலாக நகல் எடுங்கள். வலது சேனலை மட்டும் 24 சாம்பிள், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் அரை மில்லிவினாடி, பின்னால் தள்ளி வைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒலியளவு ஒன்றேதான், அலைவடிவமும் ஒன்றேதான். ஆனால் குரல் நடுவிலிருந்து நகர்ந்து இடது பக்கம் போய் நிற்கும். சேனல்களைத் தனித்தனியாகப் போட்டுக் கேட்டால் எந்த மாற்றமும் தெரியாது. திசை எந்தச் சேனலுக்குள்ளும் இல்லை, சேனல்களுக்கு இடையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் கருவிக்கு வருவோம். பக்கத்துப் பக்கத்து மைக்குகளுக்கு இடையே சுமார் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. அந்த இரண்டு மைக்குகளுக்கும் இடையே வரக்கூடிய அதிகபட்ச நேர வித்தியாசம் 0.146 மில்லிவினாடி. 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் அது 2.3 சாம்பிள். பேச்சின் பலம் அதிகம் இருக்கும் 500 ஹெர்ட்ஸில் அதையே ஃபேஸ் கோணமாக, அதாவது ஒரு முழு அலையை 360 டிகிரி என்று வைத்து அலை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று, சொன்னால் 26 டிகிரி. ஒருவர் இந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாரா அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாரா என்ற முழு விஷயமும், இந்த ஜோடியைப் பொறுத்தவரை, மைனஸ் 26 டிகிரிக்கும் பிளஸ் 26 டிகிரிக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. கோடெக் ஒவ்வொரு சேனலின் ஃபேஸையும் தன்னிச்சையாக 20, 30 டிகிரி மாற்றிவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

மாற்றிவிடுமா? மாற்றும். ஏன் என்று பார்ப்போம்.

இந்த வகைக் கோடெக்கின் அமைப்பு இப்படி: என்கோடர் பேச்சை வாங்கி ஒவ்வொரு சிறு துண்டுக்கும் ஒரு வெக்டரை, அதாவது எண்களின் வரிசையை, தரும். அந்த வெக்டரை ஒரு கோட்புக்கில் உள்ள 1,024 வெக்டர்களில் மிக அருகில் இருப்பதன் எண்ணாக மாற்றுவார்கள். மிஞ்சிய வித்தியாசத்தை இரண்டாவது கோட்புக், அதில் மிஞ்சியதை மூன்றாவது என்று அடுக்கடுக்காகப் போகும். 24 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் என்கோடெக்கில் ஒரு துண்டு 320 சாம்பிள், வினாடிக்கு 75 துண்டு. ஒரு எண்ணுக்கு 10 பிட். எட்டு அடுக்கு வைத்தால் துண்டுக்கு 80 பிட், வினாடிக்கு 6,000 பிட். அடுக்காகப் போகாமல் ஒரே கோட்புக்கில் 80 பிட்டை அடக்க நினைத்தால் 2-ஐ 80 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் வெக்டர் வேண்டும், எந்த நினைவகத்திலும் அது கொள்ளாது. கூகுளின் சவுண்ட்ஸ்ட்ரீம் 2021-இல் இந்த அடுக்கு முறையோடு வந்தது, 3 கிலோபிட்டிலேயே 12 கிலோபிட்டில் ஓடும் ஓப்பஸ் என்ற வழக்கமான கோடெக்கைவிடக் கேட்பவர்களிடம் நல்ல மதிப்பெண் வாங்கியது. மெட்டாவின் என்கோடெக் அடுத்த ஆண்டு வந்தது.

இவ்வளவு குறைந்த பிட்டில் எப்படி முடிகிறது? அசல் அலைவடிவத்தை அப்படியே திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டதால் முடிகிறது. பழைய முறையிலும் இதற்கு முன்னோடி உண்டு. மனிதக் குரல் எப்படி உண்டாகிறது என்ற மாதிரியை வைத்துக்கொண்டு அதற்கான எண்களை மட்டும் அனுப்பும் கோடெக்குகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. 1985-இல் ஷ்ரோடரும் பிஷ்ணு அடலும் பெல் லேப்ஸில் முன்வைத்த செல்ப் முறை இன்றைய கைப்பேசிக் கோடெக்குகள் வரை வந்திருக்கிறது. ஆனால் செல்ப் கடைசியில் அசல் அலைவடிவத்தோடு ஒப்பிட்டுத்தான் தேர்வு செய்யும். நியூரல் கோடெக் அந்தக் கயிற்றையும் தளர்த்திவிட்டது. பயிற்சியின்போது பெரும்பாலும் மெல் ஸ்பெக்ட்ரோகிராம்களை (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற படம்) ஒப்பிடுகிறார்கள், அதில் ஃபேஸே கிடையாது. கூடவே ஒரு டிஸ்கிரிமினேட்டர் நெட்வொர்க், வெளிவரும் ஒலி உண்மையான பேச்சு போல இருக்கிறதா என்று பார்க்கிறது. 'போல இருக்கிறதா' என்பதுதான் அளவுகோல். ஒற்றைச் சேனலில் இது மிகச் சரியான பேரம், ஏனென்றால் ஒரு காதுக்கு ஃபேஸ் மாற்றம் பெரிதாகத் தெரிவதில்லை. செலவழிக்க வேண்டாத பிட்களைச் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அதே பேரத்தை இரண்டு சேனலில் தனித்தனியாகச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரே குரல், 5 செ.மீ. தள்ளி இரண்டு மைக். இரண்டு சிக்னலும் கிட்டத்தட்ட ஒன்றே, இரண்டு சாம்பிள் நகர்வுதான் வித்தியாசம். முதல் கோட்புக்கில் இரண்டுக்கும் ஒரே எண் விழலாம், இரண்டாவதிலும் விழலாம். நான்காவது, ஐந்தாவது அடுக்குக்குப் போகும்போது ஒரு வெக்டர் எல்லைக் கோட்டின் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் போய்விடும், ஒன்றுக்கு ஒரு எண், மற்றதற்கு வேறு எண். அங்கிருந்து, எண்களை மறுபடி ஒலியாக்கும் டிகோடர் இரண்டு வெவ்வேறு பேச்சை உருவாக்குகிறது. இரண்டும் நம்பத்தகுந்தவை, இரண்டும் இனிமையாகக் கேட்பவை, ஆனால் ஒன்றின் ஃபேஸுக்கும் மற்றதன் ஃபேஸுக்கும் உறவில்லை. அடுத்த துண்டில் உறவு வேறு மாதிரி மாறும். ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் ஓரிடத்தில் நிற்காமல் அலையும், அல்லது பரந்து மங்கித் தலைக்குள் நிரம்பும். திசைத் தகவல் சிக்னலின் மிக நுண்ணிய விவரத்தில் இருக்கிறது, பிட் குறையும்போது கோடெக் முதலில் கைவிடுவதும் அந்த நுண்ணிய விவரத்தைத்தான்.

பீம்ஃபார்மிங், அதாவது பல மைக்கைச் சேர்த்து ஒரு திசைக் குரலை மட்டும் எடுப்பது அல்லது அமுக்குவது, செய்பவர்களுக்கு இதன் விலை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு குரலை அமுக்க இரண்டு சேனலைச் சரியாக ஒழுங்குசெய்து கழிக்கிறோம் என்று வையுங்கள். சேனல்களுக்கு இடையே 10 டிகிரி ஃபேஸ் பிழை இருந்தால் அந்தக் குரல் சுமார் 15 டெசிபல் மட்டுமே இறங்கும். 30 டிகிரி பிழை என்றால் 6 டெசிபல்கூட இறங்காது. மறுமுனையில் எவ்வளவு நல்ல அல்காரிதம் வைத்திருந்தாலும் இந்தச் சுவரைத் தாண்ட முடியாது.

சரி, தனித்தனியாகப் போடாமல் எட்டு சேனலையும் ஒரே நெட்வொர்க்குக்குள் சேர்த்துப் போட்டால்? முயன்று பார்க்கத் தகுந்த வழிதான், முதலில் எல்லோர் மனதிலும் தோன்றுவதும் இதுதான். ஆனால் இதில் இரண்டு சிக்கல். ஒன்று, மைக்குகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறினால் மறுபடி முதலிலிருந்து பயிற்சி. இரண்டாவது சிக்கல்தான் ஆழமானது. எட்டு சேனலிலும் பெரும்பகுதி ஒரே பேச்சு, சேனல்களுக்கு இடையிலான வித்தியாசம் மொத்தச் சிக்னலின் ஆற்றலில் மிகச் சிறிய பங்கு. லாஸ் (பயிற்சியில் பிழையை அளக்கும் எண்) குறைய வேண்டுமானால் நெட்வொர்க் முதலில் பொதுவான பேச்சைச் சரிசெய்யும், பிட்கள் அங்கேயே தீர்ந்துவிடும். நமக்கு உயிரான அந்தச் சிறு பங்குக்குப் பிட் எதுவும் மிச்சம் வராது. நெட்வொர்க்கிடம் எது முக்கியம் என்று நாம் சொல்லாவிட்டால், அது எது பெரியதோ அதையே முக்கியம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே சரியான வழி, இரண்டு தகவலையும் பிரித்து அனுப்புவது. என்ன பேசப்பட்டது என்பதற்கு ஒரு ஓடை, எந்த உறவில் எட்டு மைக்கையும் அடைந்தது என்பதற்கு இன்னொரு ஓடை. இது புதிய யோசனை இல்லை. ஃபாலரும் பாம்கார்ட்டும் 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த பைனாரல் க்யூ கோடிங் இதைத்தான் செய்தது: சேனல்களைக் கலந்து ஒன்றாக்கு, கூடவே ஒவ்வொரு அதிர்வெண் பட்டைக்கும் ஒலியளவு வித்தியாசம், நேர வித்தியாசம், சேனல்களின் ஒத்திசைவு ஆகிய மூன்றையும் சில எண்களாக அனுப்பு. பாராமெட்ரிக் ஸ்டீரியோவும், 2007-இல் வந்த எம்பெக் சரவுண்டும் இந்தக் குடும்பம். ஃபின்லாந்தில் வில்லே புல்க்கி உருவாக்கிய டைராக் முறை, ஒவ்வொரு நேர-அதிர்வெண் கட்டத்துக்கும் ஒரு திசையும், ஒலி எவ்வளவு சிதறி வருகிறது என்பதற்கு ஒரு எண்ணும் போதும் என்றது. நியூரல் முறையில் புதிதாக வருவது, அந்த எண்கள் எவை என்பதை மனிதர் தீர்மானிக்காமல் நெட்வொர்க்கே கற்றுக்கொள்வது.

டென்சென்ட்டின் ஆய்வுக் குழு ஒன்று 2023-இல் ஸ்பேஷியல்கோடெக் என்ற பெயரில் வெளியிட்ட வேலை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரு மைக்கை ரெஃபரன்ஸ் சேனலாக எடுத்து, அதை வழக்கமான ஒற்றைச் சேனல் நியூரல் கோடெக் வழியாக அனுப்புகிறார்கள். மற்ற மைக்குகள் அந்த ரெஃபரன்ஸோடு என்ன உறவில் இருக்கின்றன என்பதை இரண்டாவது நெட்வொர்க் சுருக்குகிறது. மறுமுனையில் டிகோட் ஆன ரெஃபரன்ஸையும் உறவையும் சேர்த்து எல்லாச் சேனலையும் மீட்டெடுக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, நீங்கள் எந்த வடிவமைப்பை எடுத்தாலும் விடக்கூடாத அம்சம் ஒன்று இருக்கிறது. மற்ற சேனல்களை டிகோடர் புதிதாக உருவாக்கக்கூடாது. டிகோட் ஆன ரெஃபரன்ஸின் மேல் ஃபில்டரை (உறவு ஓடை தரும் பெருக்கு எண்களை) பெருக்கித்தான் பெற வேண்டும். காரணம் இது: ரெஃபரன்ஸ் சேனலை டிகோட் செய்யும்போது கோடெக் தன் வழக்கப்படி ஃபேஸை 30 டிகிரி தவறாகப் போட்டுவிட்டது என்று வையுங்கள். மற்ற ஏழு சேனலும் அதிலிருந்தே பிறப்பதால் அவற்றிலும் அதே 30 டிகிரி தவறு வரும். வித்தியாசம் எடுக்கும்போது அது அடிபட்டுப் போகும். எல்லாச் சேனலிலும் ஒரே தவறாக இருக்கும்வரை திசைக்கு அது தவறே அல்ல. ஒற்றைச் சேனல் கோடெக்குக்கு இருக்கும் ஃபேஸ் சுதந்திரத்தை அனுபவித்துக்கொண்டே திசையையும் காப்பாற்ற முடிவது இதனால்தான்.

ஃபில்டர் எவ்வளவு நீளம் என்பதில் அறை குறுக்கே வருகிறது. சுவரே இல்லாத வெளியில் ஒரே ஒருவர் பேசினால், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும், ஒலியளவையும் ஃபேஸையும் ஒன்றாகச் சொல்லும் ஒரு சிக்கலெண் போதும். அறையில் எதிரொலி உண்டு, சாதாரணக் கூட்ட அறையில்கூடக் குரல் அடங்க 300 முதல் 500 மில்லிவினாடி ஆகிவிடும். ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே உருமாற்றத்துக்கு நீங்கள் ஒரு தடவை எடுக்கும் நேரத் துண்டான ஜன்னலோ 20 அல்லது 32 மில்லிவினாடி. இந்த ஜன்னலுக்குள் விழுந்த ரெஃபரன்ஸை மட்டும் வைத்து, பல ஜன்னலுக்கு முன்னால் பேசியதன் எதிரொலி மற்ற மைக்கில் எப்படி விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே அண்டை நேரத் துண்டுகளையும் அண்டை அதிர்வெண்களையும் சேர்த்துப் பெருக்கும் ஃபில்டர் வேண்டும். அப்படியும் பிந்தி வரும் சிதறிய எதிரொலியை முழுதாகப் பிடிக்க முடியாது. மனிதர் கேட்கப்போகிறார் என்றால் அந்தப் பகுதியைச் செயற்கையாகச் சிதறடித்துக் கொடுத்தால் போதும், காது ஏற்றுக்கொள்ளும். பீம்ஃபார்மர் ஏற்காது.

பிட் கணக்குக்கு வருவோம். எட்டு மைக், 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் சுருக்காத நிலையில் வினாடிக்கு 2,048 கிலோபிட். ரெஃபரன்ஸுக்கு 6, உறவுக்கு 6 என்று 12 கிலோபிட்டில் தொடங்கலாம் என்பது என் யோசனை. அது 170 மடங்குச் சுருக்கம். உறவுக்கு 6 கிலோபிட் அதிகம் போலத் தோன்றும். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் இடம் மாறுவதே இல்லை, திசையை வினாடிக்கு ஓரிரு முறை அனுப்பினால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். ஒருவர் மட்டும் பேசும்போது அது போதும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது கதை மாறுகிறது. பேச்சின் ஆற்றல் நேர-அதிர்வெண் தளத்தில் எல்லா இடத்திலும் பரவி இருப்பதில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் குரலே மேலோங்கி நிற்கும். இந்தக் கட்டம் அவருடையது, பக்கத்துக் கட்டம் இவருடையது என்ற வரைபடம் அசைக்கு அசை மாறுகிறது. உறவு ஓடைக்கு வேண்டிய பிட்டைத் தீர்மானிப்பது ஆட்கள் நகரும் வேகம் அல்ல, கட்டங்கள் கைமாறும் வேகம். திசைத் தகவல் அதிகம் தேவைப்படுவதும் அந்த நேரத்தில்தான். ஒருவர் மட்டும் பேசும்போது திசை போனாலும் பேச்சு புரியும். கொலின் செர்ரி 1953-இல் ஆராய்ந்த, கூட்டத்தின் நடுவே ஒரு குரலை மட்டும் பின்தொடரும் நம் திறமைக்கு இரண்டு காது தரும் உதவி சாதாரணமானது இல்லை. தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சலுக்குள் இருக்கும் ஒலியைக் கேட்பதில், சரியான ஃபேஸ் உறவு இருந்தால் 15 டெசிபல் வரை ஆதாயம் கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரெஃபரன்ஸ் சேனலின் கோடெக்கை ஒருவர் மட்டும் பேசும் பதிவுகளில் பயிற்சி கொடுத்திருந்தால், இரண்டு குரல் மோதும்போது அது இரண்டையும் குழப்பி மூன்றாவதாக ஒன்றைத் தரும். ரெஃபரன்ஸில் குழம்பியதை உறவு ஓடையால் பிரிக்கவே முடியாது. ஒன்றன்மேல் ஒன்று விழும் பேச்சு, சிரிப்பு, இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் ரெஃபரன்ஸ் கோடெக்கின் பயிற்சியிலேயே இருக்க வேண்டும்.

மறுமுனையில் கேட்கப்போவது யார் என்று உங்கள் கேள்வியில் இல்லை. வடிவமைப்பைவிட முன்னால் முடிவு செய்ய வேண்டியது அதுதான். பேச்சை எழுத்தாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் எட்டு சேனலை அனுப்பவே வேண்டாம். கருவியிலேயே பீம்ஃபார்மிங் செய்து, சுத்தமான ஒரு சேனலையும் பேசுபவரின் திசையையும் அனுப்புங்கள், வேலை முடிந்தது. யார் எப்போது பேசினார்கள் என்று பிரிப்பது, பிறகு வேறு அல்காரிதத்தால் மறுபடி அலசுவது என்றால் மைக் சிக்னல்களே வேண்டும், மேலே சொன்ன முறை அதற்குத்தான். மனிதர் ஹெட்ஃபோனில் கேட்பது என்றால் மைக் சிக்னல்கள் அவருக்குப் பயன்படாது, அவருக்கு வேண்டியது இரண்டு காது. ஆனால் அனுப்பும் பக்கத்திலேயே இரண்டு காதுக்கான ஒலியாக மாற்றி அனுப்பிவிடாதீர்கள். கேட்பவர் தலையைத் திருப்பினால் மொத்தக் கூட்டமும் அவர் தலையோடு சேர்ந்து திரும்பும், அந்தக் கணமே இட உணர்வு உடைந்துவிடும். ஒலிக்காட்சியை (எந்த ஒலி எந்தத் திசையில் என்பதை) அனுப்பி, காதுக்கான மாற்றத்தைக் கேட்பவர் கருவியில் செய்ய வேண்டும். காட்சியை ஆம்பிசோனிக்ஸாக, அதாவது ஓரிடத்தைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒலியைச் சில சேனல்களில் எழுதும் முறையில், அனுப்பலாம்: முதல் வரிசைக்கு 4 சேனல், மூன்றாம் வரிசைக்கு 16. அல்லது ஒவ்வொரு பேச்சாளரையும் ஒரு மோனோ ஒலியும் ஒரு திசையுமாக அனுப்பலாம். மெட்டாவின் ஆய்வாளர்கள் 2022-இல் குறைந்த பிட்ரேட் கோடெக்கையும் இரண்டு காது ஒலியை உண்டாக்கும் டிகோடரையும் ஒரே நெட்வொர்க்காகச் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள், அறையின் எதிரொலியையும் அது விடவில்லை.

தொலைபேசி உலகத்துக்கும் இது வந்துவிட்டது. கைப்பேசி அழைப்புகளுக்கான ஈவிஎஸ் கோடெக்கின் மேல் கட்டப்பட்ட ஐவாஸ் கோடெக், கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 18-ஆவது வெளியீட்டில் தரப்படுத்தப்பட்டது. 13.2 கிலோபிட்டிலிருந்து 512 கிலோபிட் வரை, ஸ்டீரியோ, ஆம்பிசோனிக்ஸ், தனித்தனி ஒலிப்பொருள்கள் என எல்லாவற்றையும் ஏற்கும். நோக்கியா 2024 ஜூனில் இதை வைத்து ஒரு அழைப்பைச் செய்து காட்டியது. ஐவாஸ் முழு நியூரல் கோடெக் அல்ல, கையால் வடிவமைத்த சிக்னல் செயலாக்கம்தான் அதன் உடம்பு. உங்கள் நியூரல் முறை ஜெயித்ததா என்று பார்க்க வேண்டிய எதிராளி இதுதான். எட்டு ஓப்பஸ் ஓடைகளோடு ஒப்பிட்டு ஜெயிப்பது சுலபம், அது சேனல்களின் உறவைப் பயன்படுத்தவே இல்லை.

பயிற்சியில் எந்த லாஸ் வைப்பது? ரெஃபரன்ஸுக்கு மெல் ஸ்பெக்ட்ரோகிராமும் டிஸ்கிரிமினேட்டரும் இருக்கட்டும். உறவு நெட்வொர்க்குக்குச் சேனல்களுக்கு இடையிலான ஃபேஸ் வித்தியாசத்தையும் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸையும் (சேனல்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணை) நேரடியாக ஒப்பிடும் லாஸ் வேண்டும். ஃபேஸ் வித்தியாசத்தைக் கோணமாகவே கழித்துச் சராசரி எடுக்காதீர்கள். 179 டிகிரியும் மைனஸ் 179 டிகிரியும் உண்மையில் இரண்டு டிகிரிதான் தள்ளி இருக்கின்றன, கழித்தால் 358 வரும். கொசைன், சைனாக மாற்றி ஒப்பிடுங்கள், கூடவே அந்தக் கட்டத்தின் ஆற்றலால் எடை போடுங்கள். அமைதியான கட்டத்தில் ஃபேஸ் வெறும் இரைச்சல், அதைச் சரிசெய்ய நெட்வொர்க் பிட்டைச் செலவழிக்கக்கூடாது. அலைவடிவத்தின் வர்க்கப் பிழையை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஒலியளவு சிறிதாக இருக்கும் இடங்களில் அது ஃபேஸ் பிழையைக் கண்டுகொள்ளாது என்பதை மெட்டாவின் 2021 ஆய்வு கணக்கோடு காட்டியது.

அளவிடும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெஸ்க், விஸ்கோல் போன்ற பேச்சுத்தர அளவுகோல்கள் எல்லாம் ஒரு சேனலைப் பார்த்து மதிப்பெண் போடுபவை. எட்டு சேனலுக்கும் தனித்தனியே எடுத்துச் சராசரி போட்டால், திசை முழுக்கச் செத்துப்போன சிஸ்டம்கூட நல்ல மதிப்பெண் வாங்கும். ஸ்பேஷியல்கோடெக் குழு இதற்கு இரண்டு அளவுகோல் முன்வைத்தது, இரண்டும் நியாயமானவை. ஒன்று, அசலையும் டிகோட் ஆனதையும் பல திசைகளை நோக்கிப் பீம்ஃபார்மிங் செய்து, எந்தத் திசையில் எவ்வளவு ஆற்றல் என்ற வெக்டர்களின் ஒற்றுமையைக் கொசைனால் அளப்பது. இரண்டாவது, டிகோட் ஆன சேனல்களைப் பீம்ஃபார்மரில் போட்டு, வரும் பேச்சின் தரத்தைப் பார்ப்பது. இரண்டாவதை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் மறுமுனையில் உண்மையில் நடக்கப்போவதை அது நடத்திப் பார்க்கிறது.

தரவுக்குப் பெரும்பாலோர் ஆலன், பெர்க்லி 1979-இல் தந்த பிம்ப முறையில் (சுவரில் எதிரொலிப்பதைக் கண்ணாடிப் பிம்பம் போலக் கணக்கிடுவது) அறைகளைக் கணினியிலேயே உருவாக்குகிறார்கள். தொடங்க அது போதும். ஆனால் அந்த அறைகளில் மைக்குகள் அந்தரத்தில் மிதக்கின்றன. உங்கள் மைக்குகள் ஒரு பிளாஸ்டிக் உடம்பில் பதிந்திருக்கின்றன, அந்த உடம்பைச் சுற்றி ஒலி வளைந்து வருகிறது, கீழே மேசை பிரதிபலிக்கிறது, எட்டு மைக்கும் ஒரே உணர்திறன் கொண்டவை அல்ல. பயிற்சித் தரவில் மைக்குக்கு மைக் சிறு ஒலியளவு, ஃபேஸ் வித்தியாசங்களை வேண்டுமென்றே கலந்துவிடுங்கள். உங்கள் கருவியையே நாலைந்து உண்மையான அறைகளில் வைத்து அறையின் எதிர்வினையைப் பதிவு செய்து சேருங்கள். உண்மையான கூட்டப் பேச்சு வேண்டுமானால் ஏஎம்ஐ தொகுப்பு இருக்கிறது: சுமார் 100 மணி நேரம், 10 செ.மீ. ஆரமுள்ள எட்டு மைக் வட்டக் கருவி, எடின்பரோவிலும் சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் பதிவானது. அதில் பக்கத்து மைக்குகளின் இடைவெளி 7.65 செ.மீ. வருகிறது, உங்களுடையதோடு ஒத்துப்போகாது. ஆனால் மனிதர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் எப்படிக் குறுக்கிடுகிறார்கள் என்பதை அதிலிருந்து அப்படியே எடுக்கலாம், அந்த நேரக்கணக்கில் உங்கள் அறைகளில் பேச்சைக் கலக்கலாம்.

நேரடி அழைப்பு என்றால் தாமதத்தையும் பாருங்கள். ஒரு வழிக்கு 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐடியு-டி என்ற உலகத் தொலைத்தொடர்புத் தர அமைப்பின் பரிந்துரை, அதில் பெரும்பகுதியை இணைய வழிப் பயணமே எடுத்துக்கொள்ளும். எதிர்காலத் துண்டைப் பார்க்காத கன்வல்யூஷன்களை வைத்தால் ரெஃபரன்ஸ் கோடெக்குக்கு ஒரு துண்டு நீளம், அதாவது 13 மில்லிவினாடி அளவு போதும். பாக்கெட் தொலையும்போது இரண்டு ஓடையாகப் பிரித்ததன் பலன் கிடைக்கும்: உறவு ஓடையில் ஒரு துண்டு வராவிட்டால் முந்தைய ஃபில்டரையே ஓட்டுங்கள், பேச்சு நிற்காது, திசை மட்டும் கொஞ்ச நேரம் பழையதாக இருக்கும்.

நீங்கள் தொடங்க வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். நியூரல் எதையும் எழுதுவதற்கு முன், அசல் எட்டு சேனலில் இருந்து ரெஃபரன்ஸ் தவிர்த்த ஏழையும் சுருக்காத ரெஃபரன்ஸும் சுருக்காத ஃபில்டரும் வைத்து மீட்டெடுத்துப் பாருங்கள். ஃபில்டரை லீஸ்ட் ஸ்கொயர்ஸில், அதாவது வர்க்கப் பிழை மிகக் குறையும்படி, கணக்கிடலாம். இதுதான் உங்கள் உச்சவரம்பு, இங்கேயே பீம்ஃபார்மர் திணறினால் ஜன்னலையும் ஃபில்டர் நீளத்தையும் மாற்றுங்கள், கோடெக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு ரெஃபரன்ஸை மட்டும் என்கோடெக்கில் சுருக்கி, ஃபில்டரைச் சுருக்காமல் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன ஃபேஸ் அடிபடும் கணக்கு உங்கள் தரவில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று இங்கே தெரிந்துவிடும், குறிப்பாக இரண்டு பேர் ஒன்றாகப் பேசும் இடங்களில். அதற்கும் பிறகுதான் உறவு நெட்வொர்க்கைப் பயிற்றுவிப்பது. எந்த மைக்கை ரெஃபரன்ஸாக எடுப்பது என்பதையும் அப்போது மாற்றி மாற்றிச் சோதியுங்கள். ஒருவர் தன் லேப்டாப் திரையை ஒரு மைக்குக்கு முன்னால் விரித்து வைத்துவிட்டால், அந்த மைக்கே ரெஃபரன்ஸாக இருந்தால், எட்டும் சேர்ந்து மங்கும்.